தெருவைத் திறந்த தீர்மானம்

இரட்டைமலை சீனிவாசன் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, அம்பேத்கரோடு அவர் கலந்துகொண்ட லண்டன் வட்டமேஜை மாநாடுதான். ஆனால் அவருடைய பொதுவாழ்வின் பெரிய சாதனை அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே சென்னையில் நடந்துவிட்டது.

செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்துக்காரர். 1893இல் ‘பறையன்’ என்று துணிந்து பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தியவர். பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியவரை 1923இல் அரசு சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமித்தது. ஒடுக்கப்பட்டோரில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமையே இல்லாத காலம். அவர்களுக்காகச் சபையில் பேச வந்தவர்கள் நியமன உறுப்பினர்களே.

1924 ஆகஸ்டில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும், எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம். அரசு அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம் எதிலும் சாதி இந்துக்களுக்கு உள்ள உரிமை அப்படியே மற்றவர்களுக்கும் உண்டு என்பது அதன் சாரம். ஒவ்வொரு சொல்லும் எண்ணி வைத்தது. சாலை என்று மட்டும் சொன்னால், ‘இது தெருவாயிற்றே’ என்று மறிப்பார்கள். கிணற்றை மட்டும் சொன்னால் குளத்தங்கரையில் தடுப்பார்கள். ஊர் வழக்கை உள்ளும் புறமும் அறிந்தவரால்தான் இப்படி எழுத முடியும். சபை ஏற்றது, செப்டம்பர் 25இல் அரசாணை பிறந்தது.

அதே மாதங்களில் பக்கத்துத் திருவிதாங்கூரில், வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மக்கள் சிறை போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே சட்டசபைக்கு வந்த தீர்மானம் 1925 பிப்ரவரியில் 22க்கு 21 என ஒரே ஓட்டில் தோற்றது.

சென்னையிலும் ஆணை வந்த வேகத்தில் தெருக்கள் திறந்துவிடவில்லை. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டில், கல்பாத்தித் தேர்த்திருவிழாவுக்கு அக்ரகாரத் தெருவில் நுழைந்த ஈழவர்கள் 1924 நவம்பரிலேயே தாக்கப்பட்டார்கள். தடுப்பவர்களுக்கு என்ன தண்டனை என்று ஆணை சொல்லவில்லை. அதுதான் அதன் பெரிய குறை. தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்று, ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜாவின் முயற்சியால், 1938இல் வந்தது.

சீனிவாசன் 1945இல் மறைந்தார். அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவில் இரண்டாம் உட்பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள்: கிணறு, குளம், படித்துறை, சாலை, மக்கள் கூடும் இடம் என்று, அவர் தீர்மானத்தைப் போலவே போகிறது பட்டியல். பள்ளிப் பாடநூல்களில் அதையும் 1924 தீர்மானத்தையும் அடுத்தடுத்து அச்சிட வேண்டும்.