உப்பு ஆய்வு: ஒரு வரிசை உருவான வரலாறு

தெரியாத ஒரு பொடியில் என்ன இருக்கிறது என்று கண்டறியும் முறைக்கு வேதியியலில் பண்பறி பகுப்பாய்வு என்று பெயர். எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். கல்லூரி ஆய்வகங்களில் ‘சால்ட் அனாலிசிஸ்’ என்று வழங்கும் இந்தப் பயிற்சி, இன்று தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் ஓர் அட்டவணையாகச் சுருங்கிவிட்டது. அந்த அட்டவணை ஒரே நாளில் எழுதப்பட்டதல்ல. தனித்தனிச் சோதனைகள் மிகப் பழையவை. அவற்றை எந்த வரிசையில் செய்வது என்பது தெளிவாகத்தான் நெடுங்காலம் பிடித்தது.

பதிவாகியுள்ள மிகப் பழைய சோதனைகளுள் ஒன்று கலப்படத்தைப் பிடிப்பதற்கானது. செம்பிலிருந்து எடுக்கும் பச்சைக் களிம்பு ரோமாபுரியில் நல்ல விலைக்குப் போன சரக்கு. அதில் அன்னபேதி என்ற மலிவான இரும்பு உப்பைக் கலந்து விற்பார்கள். மாசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்த பாப்பிரஸ் தாளில் அந்தச் சரக்கைத் தடவினால், அன்னபேதி இருக்கும் பட்சத்தில் தாள் கறுத்துவிடும் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிவைத்தார். துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயையும் அன்னபேதியையும் கொண்டு மை காய்ச்சிய நம்மூர்க்காரர்களுக்கும் இந்தக் கறுப்பு பழக்கமானதே.

1664இல் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி எழுதிய நூல் இதை ஒரு படி உயர்த்தியது. வயலட் பூவின் சாற்றை அமிலம் சிவப்பாக்கும், காரம் பச்சையாக்கும். ஒரு பொருள் இரண்டையும் செய்யாவிட்டால் அது அமிலமுமல்ல, காரமுமல்ல. ஒரு பொருளுக்கு ஒரு சோதனை என்றிருந்த நிலை மாறி, ஒரே சோதனை பொருள்களையெல்லாம் மூன்று கூட்டங்களாகப் பிரித்தது இங்கேதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கலை சுவீடனின் சுரங்கங்களில் வளர்ந்தது. கையில் கிடைத்த கல்லில் என்ன உலோகம் இருக்கிறது என்பது அங்கே பணப் பிரச்சினை. 1751இல் நிக்கலைக் கண்டறிந்த ஆக்சல் கிரோன்ஸ்டெட், பொற்கொல்லர் பட்டறையின் ஊதுகுழலைக் கனிம ஆய்வுக்கு முறையாகப் பயன்படுத்தினார். கரித்துண்டில் சிறு குழி தோண்டி, அதில் கடுகளவு கனிமத்தை வைத்து, விளக்குச் சுடரை அதன்மீது ஊத வேண்டும். கன்னங்களில் காற்றை நிறுத்திக்கொண்டு மூக்கால் மூச்சு வாங்கியபடி, சுடர் அறுபடாமல் ஊதுவதில்தான் திறமை. காரீயம் இருந்தால் பளபளக்கும் மணி உருளும், சுற்றிலும் மஞ்சள் படியும். ஆர்சனிக் இருந்தால் பூண்டு வாடை வரும். அந்தப் புகை நஞ்சு என்பதும் அனுபவத்தில் தெரியவந்தது. வெண்காரத்தை உருக்கி மணியாக்கி அதில் கனிமத்தைத் தொட்டால், கோபால்ட் அதை ஆழ்ந்த நீலமாக்கும்.

இந்தக் கருவியில் யோஹான் காட்லீப் கானை மிஞ்சியவர் இல்லை. எரித்த காகிதத்தின் சாம்பலிலிருந்துகூட அவர் செம்புத் துகளை எடுத்துக் காட்டியதைத் தாம் பார்த்ததாக, 1820இல் ஊதுகுழல் பற்றி நூல் எழுதிய பெர்சீலியஸ் குறிப்பிடுகிறார். கோபால்ட் நைட்ரேட் கரைசலை விட்டுச் சுட்டால் அலுமினியம் நீலமாகவும் மக்னீசியம் இளஞ்சிவப்பாகவும் நிறம் காட்டும் என்ற முறையும் கானின் கொடை. தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் வடிதாளை உப்புக் கரைசலிலும் கோபால்ட் நைட்ரேட்டிலும் நனைத்து, எரித்து, சாம்பலின் நிறம் பார்க்கும் ‘சாம்பல் சோதனை’ இதன் நேர் வாரிசு.

ஊதுகுழல் கல்லுக்குப் பொருந்தியது; தண்ணீருக்குப் பொருந்தவில்லை. ஐரோப்பாவில் ஊற்றுநீரை மருந்தாகக் குடிக்கும் வழக்கம் பெருகியபோது, அதில் கரைந்திருப்பது என்ன என்று தெரிய வேண்டியிருந்தது. உப்சாலாவில் பேராசிரியராக இருந்த டோர்பெர்ன் பெர்க்மன் 1778இல் வெளியிட்ட ஆய்வில் எந்த வினைப்பொருள் எதை வீழ்படிவாக்கும் என்பதைத் தொகுத்தார். கரைசல்களை வைத்துச் செய்யும் ஈரமுறைக்கு அடித்தளம் அமைந்தது.

அடுத்த தூண்டுதல் நீதிமன்றத்திலிருந்து வந்தது. வெள்ளைப் பாஷாணம் என்ற ஆர்சனிக் சேர்மத்துக்குச் சுவையோ வாடையோ இல்லை; மலிவாகவும் கிடைத்தது. லண்டனை அடுத்த வூல்விச்சில் பணியாற்றிய ஜேம்ஸ் மார்ஷ் ஒரு கொலை வழக்கில் காப்பியிலிருந்து மஞ்சள் ஆர்சனிக் சல்பைடைப் பிரித்தெடுத்தார். ஜூரிகளின் கைக்குப் போவதற்குள் அது கெட்டுப்போனது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அந்த ஆத்திரத்தில் மார்ஷ் 1836இல் வெளியிட்டதுதான் மார்ஷ் சோதனை. ஐயத்துக்குரிய பொருளைத் துத்தநாகத்தோடும் அமிலத்தோடும் சேர்த்தால், ஆர்சனிக் வாயுவாக வெளியேறும். அந்த வாயு செல்லும் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கினால் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் கரும்படலம் படியும். ஆண்டிமணியும் இதே படலத்தைத் தரும். ஆனால் ஆர்சனிக் படலம் மட்டுமே சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கரையும்.

சோதனை நுட்பமானபோது புதுச் சிக்கல் வந்தது. துத்தநாகத்திலேயே ஆர்சனிக் கலந்திருக்கலாமே? 1840இல் பிரான்சில் நடந்த மரீ லஃபார்ஜ் விஷக்கொலை வழக்கில் உள்ளூர் ஆய்வாளர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. பாரிசிலிருந்து வரவழைக்கப்பட்ட மத்தேயு ஓர்ஃபிலா, இறந்தவரின் உடலில் ஆர்சனிக் உண்டென்று காட்டினார். அது வினைப்பொருள்களிலிருந்தோ கல்லறை மண்ணிலிருந்தோ வரவில்லை என்பதையும் சேர்த்தே நிறுவினார். பொருளைச் சேர்க்காமல் வினைப்பொருள்களை மட்டும் வைத்து ஒருமுறை செய்துபார்க்கும் ‘வெற்றுச் சோதனை’ ஏன் கட்டாயம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. சென்னை மாகாணத்தில் விஷ வழக்குகளுக்காக 1849இல் கெமிக்கல் எக்ஸாமினரின் ஆய்வகம் அமைந்தது. இன்றைய தடய அறிவியல் துறை அதிலிருந்து வந்தது.

இவ்வளவு சோதனைகள் சேர்ந்த பிறகும், கலவையைக் கையில் கொடுத்தால் குழப்பமே மிஞ்சியது. ஒன்றின் நிறம் மற்றொன்றை மறைக்கும். ஒரே வினைப்பொருள் பலவற்றை ஒன்றாக வீழ்த்தும். 1829இல் ஹைன்ரிஷ் ரோஸ் வெளியிட்ட கையேடு முழுமையான வரிசை ஒன்றைத் தந்தது. ஆனால் அபூர்வத் தனிமங்களையும் அணைத்துக்கொண்டு போனதால் புதிதாகக் கற்பவர்களுக்கு அது கடினமாயிற்று. பான் நகரில் படித்துக்கொண்டிருந்த ரெமிகியஸ் ஃப்ரெசேனியஸ், அடிக்கடி கிடைக்கும் பொருள்களை மட்டும் வைத்துத் தன் சொந்தப் பயிற்சிக்காக ஒரு வழிமுறையை எழுதிக்கொண்டார். ஆசிரியரின் தூண்டுதலால் 1841இல் அது அச்சேறியது. அப்போது அவருக்கு வயது 22. பின்னர் கீசனில் லீபிக்கின் உதவியாளராகி, 1848இல் வீஸ்பாடனில் சொந்த ஆய்வகம் தொடங்கினார். நூல் பதிப்பு மேல் பதிப்பு கண்டு, சீனம் உள்படப் பல மொழிகளுக்குச் சென்றது.

அந்த வரிசையின் முதல் படியைப் பார்த்தாலே தந்திரம் விளங்கும். கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் வெள்ளி, காரீயம், மெர்குரஸ் பாதரசம் ஆகிய மூன்றும் வெள்ளையாகப் படியும். வடிகட்டி, படிவின்மேல் கொதிநீர் ஊற்றினால் காரீயக் குளோரைடு மட்டும் கரைந்து இறங்கும். அதில் பொட்டாசியம் குரோமேட் விட்டால் மஞ்சள். மிச்சத்தில் அம்மோனியா விட்டால் வெள்ளி கரைந்துபோகும், பாதரசம் கறுக்கும். வடிநீரில் அமிலம் இருக்கும்போதே ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்தினால் செம்பு கறுப்பாகவும், காட்மியம் மஞ்சளாகவும், ஆண்டிமணி ஆரஞ்சாகவும் வீழும். அவை நீங்கிய பின் அம்மோனியாவில் இரும்பும் அலுமினியமும். பிறகு காரநிலையில் அதே அழுகிய முட்டை வாடை வாயுவுக்குத் துத்தநாகம், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட். கார்பனேட்டுக்குக் கால்சியம் வகையறா. எதிலும் சிக்காமல் கடைசிவரை நிற்பவை சோடியமும் பொட்டாசியமும். ஒரு படியைத் தாண்டிவிட்டால் முந்தைய கூட்டம் கரைசலில் இருக்கக் கூடாது. சரியாக வடிகட்டாதவருக்கு அடுத்த படிகள் எல்லாம் பொய் சொல்லும்.

ஒரே வாயு அமிலத்தில் ஒரு கூட்டத்தையும் காரத்தில் இன்னொரு கூட்டத்தையும் ஏன் பிடிக்கிறது என்பதற்கு அப்போது சரியான விளக்கம் இல்லை. 1894இல் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் எழுதிய நூலில்தான் அயனிக் கொள்கையின் துணையோடு அது கிடைத்தது. அமிலத்தில் சல்பைடு அயனிகள் மிகக் குறைவு. ஆகவே கரைதிறன் மிகக் குறைந்த சல்பைடுகள் மட்டுமே படியும். கைப்பழக்கம் கொள்கையை அரை நூற்றாண்டு முந்திவிட்டது.

வாயுவை வேண்டும்போது திறந்து மூடிக்கொள்ள டெல்ஃப்ட் நகரின் பெட்ரூஸ் கிப் 1844இல் வடிவமைத்த மூன்று குமிழ்க் கருவி ஆய்வகம்தோறும் இடம்பிடித்தது. ஹைடல்பெர்க்கில் பன்சன் 1855இல் நிறமற்ற சுடர் தரும் அடுப்பைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உப்பைச் சுடரில் காட்டி நிறம் பார்க்கும்போது சோடியத்தின் மஞ்சள் பொட்டாசியத்தின் ஊதாவை விழுங்கிவிடும் பழைய தொல்லை அதில் தீரவில்லை. இயற்பியலாளர் கிர்க்காஃபுடன் சேர்ந்து சுடரை முப்பட்டகத்தின் வழியே பார்த்தபோது, ஒவ்வொரு தனிமமும் தன் கோடுகளைத் தனித்தனியே காட்டியது. 1860இல் டுர்க்ஹைம் ஊற்றுநீரில் யாரும் அறியாத நீலக் கோடுகள் தென்பட்டன: சீசியம். அதைக் கைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 44 டன் நீரைக் காய்ச்ச வேண்டியிருந்தது. கிடைத்த குளோரைடு சுமார் 7 கிராம்.

இருபதாம் நூற்றாண்டில் கரிம வினைப்பொருள்கள் வந்தன. 1905இல் சுகாயெவ் காட்டிய டைமெத்தில் கிளையாக்சைம் நிக்கலுடன் செக்கச்செவேல் என்று படியும். வியன்னாவின் ஃபிரிட்ஸ் ஃபைகல் இத்தகைய வினைகளைத் தாளில் ஒரு துளியளவுக்குக் குறைத்து 1931இல் நூலாக்கினார். நாஜிகளிடமிருந்து தப்பி பிரேசில் சென்று அங்கேயும் அதைத் தொடர்ந்தார்.

1955இல் ஆலன் வால்ஷ் அணு உட்கவர் நிறமாலை முறையை வெளியிட்ட பிறகு, தொழில்முறை ஆய்வகங்களில் வடிதாளும் கிப் கருவியும் மெல்ல ஓரங்கட்டப்பட்டன. ஃப்ரெசேனியஸின் வரிசை வகுப்பறையில் மட்டும் தங்கியது. ஹைட்ரஜன் சல்பைடு கொடிய நஞ்சு என்பதால் அங்கும் அதற்குப் பதிலாகத் தயோஅசிட்டமைடு புகுந்தது. அதுவும் புற்றுநோய் ஐயத்துக்கு உள்ளானதால், பல கல்லூரிகள் சல்பைடாக வீழ்த்தும் அந்த இரண்டாம் படிச் சோதனைகளைக் குறைத்துக்கொண்டன.