அரசு மருத்துவக் காப்பீடும் வட சென்னை உழைப்பாளர் உடல்நலமும்

அரசு மருத்துவக் காப்பீடு என்பது வருமானம் குறைந்த குடும்பங்களின் மருத்துவச் செலவை, அவர்களுக்காக அரசே பணம் கட்டி ஏற்கும் ஏற்பாடு. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாத்தூர் என விரியும் துறைமுக, ஆலைப் பகுதியில் இதற்கு முன்னோடியாக இருந்தது ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955இல் கோவை வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்த திட்டம் அது. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் சந்தாவில் இயங்குவதால், இதை ஏழைகளுக்கான காப்பீடு என்று சொல்ல முடியாது. ஆனால் அது கொடுத்தது நிறைய. காய்ச்சலுக்கு மருந்தகம், பெரிய நோய்க்கு அயனாவரம் மருத்துவமனை, அதற்கும் மேலாக நோயில் படுத்த நாள்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. ஆலைப் பதிவேட்டில் பெயர் இருந்தவருக்கு இவை எல்லாம் உண்டு. மூட்டை தூக்குபவர், மீன் விற்பவர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோருக்கு இல்லை. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்பவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்றாலும், பெயர் ஏறினால்தான் அது கைக்கு வரும்.

விடுபட்டவர்கள் வைத்தியமே இல்லாமல் இருந்துவிடவில்லை. பழைய ஆட்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லி மருத்துவமனையும், பிரசவத்துக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையும் இருந்தன. 1994இல் அரசின் மருந்துக் கொள்முதலுக்காகத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டபின், அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்தும் ஓரளவு தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. காப்பீட்டின் பலனை அளக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஏற்கெனவே இலவச மருத்துவமனை உள்ள ஊரில் காப்பீட்டு அட்டை புதிதாக என்ன சேர்க்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

அட்டையின் காலம் 2009 ஜூலையில் தொடங்கியது. ஆந்திரத்தின் ஆரோக்யஸ்ரீ திட்டம் 2007இல் காட்டிய வழியில், உயிர்காக்கும் உயர் சிகிச்சைகளுக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 1 லட்சம் ரூபாய். ஆட்சி மாறியதும் அது நிறுத்தப்பட்டு, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக வேறு பெயரில் வந்தது. ஆண்டுக்கு 1 லட்சம் என்றானது உண்மையான முன்னேற்றம். பெயர்ச் சண்டை அரசியல் கணக்கு. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின் வரம்பு 5 லட்சமானது. வருமான வரம்பும் பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. இப்படி ஆள்கணக்கு பெருகியபோது, ஈ.எஸ்.ஐ. கொடுத்தவற்றில் இரண்டு கழன்றுவிட்டன: அன்றாட வெளிநோயாளர் சிகிச்சை, நோய்க்கால ஊதியம். ஆஞ்சியோவுக்கும் ஸ்டென்ட்டுக்கும் அட்டை செல்லும். அந்த மாரடைப்புக்குக் காரணமான பி.பி.க்கும் சுகருக்கும் அன்றாட மாத்திரை வாங்க அது செல்லாது.

இந்த வேறுபாடு ஆய்வு முடிவுகளிலும் தெரிகிறது. கர்நாடகத்தில் வாஜ்பாய் ஆரோக்யஸ்ரீ 2010இல் மாநிலத்தின் வடபகுதியில் மட்டும் முதலில் தொடங்கியது. எல்லைக்கோட்டின் இருபுறமும் உள்ள ஊர்களை ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. திட்டத்தில் அடங்கிய நோய்களால் ஏழைகளிடையே நேர்ந்த இறப்பு, திட்டம் வந்த ஊர்களில் 64 விழுக்காடு குறைவு என்றது. இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல. எண்ணும் நம்ப முடியாத அளவுக்குப் பெரிது. அதை அப்படியே ஏற்கத் தேவையில்லை. ஆனால் திசை சரியானது: அறுவை சிகிச்சையே உயிரைத் தீர்மானிக்கும் நோய்களில் பணத்தடை நீங்கினால் உயிர் பிழைக்கும்.

எதிர்த்தரப்பு முன்வைக்கும் வலுவான சான்று அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில் கிடைத்தது. அங்கே 2008இல் ஏழைகளுக்கான காப்பீட்டுக்கு இடம் போதாமல் குலுக்கல் நடந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்துச் சோதித்தபோது, காப்பீடு பெற்றவர்களின் ரத்த அழுத்தத்திலோ கொழுப்பிலோ சர்க்கரையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மனச்சோர்வு குறைந்தது, வருமானத்தை விழுங்கும் பெரும் மருத்துவச் செலவு ஏறத்தாழ ஒழிந்தது. காப்பீடு உடலைக் காக்காது, பணப்பையைத்தான் காக்கும் என்று இதிலிருந்து வாதிடுவோர் உண்டு. கந்துவட்டி ஆளும் தெருக்களில் பணப்பையைக் காப்பதே சிறு காரியமல்ல என்பது முதல் பதில். இரண்டாவது பதில்: ஏழைகளுக்கான காப்பீட்டை விரித்த, விரிக்காத அமெரிக்க மாநிலங்களை 2014க்குப் பின் ஒப்பிட்ட பெரிய ஆய்வு, 55 முதல் 64 வயதுக்குட்பட்ட ஏழைகளின் இறப்பு காப்பீடு விரிந்த மாநிலங்களில் சுமார் 9 விழுக்காடு குறைந்ததைக் கண்டது. இரண்டு ஆண்டில் தென்படாதது நோய் முற்றும் வயதில், பெரிய கூட்டத்தில் தென்படுகிறது. ஆனாலும் ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. ஒரெகானின் காப்பீடு வெளிநோயாளர் சிகிச்சைக்கும் மருந்துக்கும் சேர்த்தே பணம் கொடுத்தது, அப்படியும் பி.பி. இறங்கவில்லை. ஆகவே அட்டையில் மாத்திரையையும் சேர்த்துவிட்டால் போதும் என்பது அரைகுறை விடை. நோயாளி மாதந்தோறும் வர வேண்டும், வராதவரைத் தேடிப் போக வேண்டும். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே மாத்திரை கொண்டு சேர்ப்பதால், காப்பீட்டின் இந்த ஓட்டையைக் காப்பீட்டுக்கு வெளியிலிருந்து அடைக்கும் முயற்சி எனலாம்.

காப்பீட்டுப் பணம் தனியார் மருத்துவமனைகளுக்குப் போய் அரசு மருத்துவமனை நலிந்துவிடும் என்பது இன்னொரு குறை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் சிகிச்சைத் தொகை பெறுவதால் அந்த அச்சம் ஓரளவு தணிகிறது, முழுதாக அல்ல. வட சென்னைக்கு இதைவிடப் பெரிய வரம்பு ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோதும், அதே மாத வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து கசிந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியபோதும், மூச்சுத்திணறியவருக்கு மருத்துவமனை தேவைப்பட்டது உண்மை. ஆனால் காற்றையும் நீரையும் சீராக்கும் கடமை எந்தக் காப்பீட்டு ஒப்பந்தத்திலும் இல்லை. நோய்க்கால ஊதியத்திலும் பழைய இடைவெளி மிஞ்சுகிறது: ஈ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 2017இல் 21,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில், படுத்த நாளுக்கான கூலி இன்னும் சேரவில்லை.