மிதிவண்டி ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்

லீவரை அழுத்தும் விசையைக் கம்பிக்குப் பதிலாக எண்ணெய் வழியே சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் பிரேக் இது. லீவருக்குள் இருக்கும் சிறிய பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். தள்ளப்பட்ட எண்ணெய் குழாய் வழியே சக்கரத்தருகே உள்ள காலிபருக்குப் போய் அங்குள்ள பெரிய பிஸ்டன்களை நகர்த்தும். அவை இரண்டு பேடுகளையும் சக்கரத்தோடு சுழலும் எஃகுத் தட்டின் இருபுறமும் அழுத்தும். மூடிய திரவத்தில் கொடுத்த அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்ற பாஸ்கல் விதியே இதன் அடிப்படை. விரலை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல். அழுத்தும்போது சற்று முறுகும் சீல், விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. பேடு தேயத் தேய பிஸ்டன் சீலைத் தாண்டி வழுக்கி முன்னே வந்துவிடும். அதனால் கம்பி பிரேக்கைப் போல அடிக்கடி முறுக்கித் தேய்மானத்தை ஈடுகட்ட வேண்டியதில்லை.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இந்த பிரேக்கின் தேவையை உணர்த்துபவை அங்குள்ள மலை இறக்கங்கள். சித்தூரிலிருந்து பலமநேர் வழியாகப் பெங்களூர் போகும் சாலையில் மொகிலி கணவாய் இருக்கிறது. திருப்பதிக்கும் பீலேருக்கும் இடையே பாகராப்பேட்டை மலைப்பாதை. எல்லாருக்கும் தெரிந்தது திருமலைப் பாதை. பொறியாளர் விசுவேசுவரய்யாவின் திட்டத்தில் அமைந்த முதல் மலைப்பாதை 1944-இல் திறக்கப்பட்டது; இன்று வாகனங்கள் இறங்குவது அதில்தான். ஏறுவதற்கு 1974-இல் வந்த இரண்டாவது பாதை. அடிவாரத்துக்கும் மலைக்கும் உயர வேறுபாடு 600 மீட்டருக்கு மேல். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று கொண்டால், 600 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 500 கிலோஜூல். அறை வெப்பத்திலிருக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றின் தடை ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மிச்சமெல்லாம் 1.8 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தட்டுகளின் தலையில்தான் விழுகிறது. சமவெளியில் தெரியாத குறை இங்கே தெரிந்துவிடும். தட்டின் விட்டம் 140, 160, 180, 203 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் கிடைக்கிறது. மலை இறங்குபவருக்கு முன்சக்கரத்தில் பெரிய தட்டே நல்லது; சட்டமும் முன்கவையும் எந்த அளவு வரை ஏற்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருத்துவதில் முக்கால்வாசி வேலை காலிபரை நடுவில் நிறுத்துவதுதான். காலிபரின் இரண்டு போல்ட்டுகளையும் கை அசைவுக்கு அசையுமளவு தளர்த்தி, லீவரை இறுக அழுத்திப் பிடித்தபடியே மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். இறுதி முறுக்கம் பொதுவாக 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். பிறகு காலிபருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். தட்டின் இருபுறமும் மெல்லிய வெளிச்சக் கோடு ஒரே அகலத்தில் தெரிந்தால் சரி. ஒரு பக்கக் கோடு மட்டும் மறைந்தால் காலிபரை மயிரிழை நகர்த்த வேண்டும். கோடு சுற்றுக்கு ஒருமுறை மறைந்து மறைந்து தோன்றினால் குறை காலிபரில் இல்லை, தட்டு கோணியிருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் காலிபரையே திரும்பத் திரும்பத் தளர்த்தி முறுக்குவது வீண்வேலை.

புதுப் பேடு போட்டவுடன் மலைக்குப் போகக் கூடாது. சமதளத்தில் வேகமெடுத்து, சக்கரம் நின்று வழுக்காமல் நடை வேகத்துக்குக் குறைப்பதை இருபது முறையாவது செய்தால்தான் பேடின் பூச்சு தட்டில் சீராகப் படிந்து பிடிமானம் வரும். தட்டை விரலால் தொடவே கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கை பட்டாலும் பிடிமானம் கெட்டு பிரேக் கீச்சிடும். தட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் சரியாகிவிடும். எண்ணெய் குடித்த பேடைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எண்ணெய்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஹோப் பிரேக்குகளுக்கும் ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளுக்கும் டாட் வகை எண்ணெய். திருப்பதியானாலும் சித்தூரானாலும் வாகன உதிரிபாகக் கடையில் பிரேக் ஆயில் கேட்டால் கையில் கொடுப்பது டாட் 3 அல்லது டாட் 4 புட்டிதான். காருக்கும் பைக்குக்கும் உரிய நல்ல எண்ணெய் அது. அதை மினரல் ஆயில் பிரேக்கில் ஊற்றினால் சீல்கள் கெடும், பிஸ்டன் சிக்கும், லீவர் திரும்பி வராது. முழு பிரேக்கையும் மாற்ற நேரிடும். லீவரின் மூடியிலோ உடலிலோ எந்த எண்ணெய் என்று பொறித்திருப்பார்கள். அதைப் படிக்காமல் புட்டியைத் திறக்காதீர்கள். டாட் எண்ணெய்க்கு இன்னொரு குணம் உண்டு: காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு விதித்திருக்கும் எல்லை 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவியானால் லீவர் கைப்பிடி வரை போய்விடும், வண்டி நிற்காது.

லீவர் பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று ஏறியிருக்கிறது. மெக்கானிக்குகள் ‘ஏர் எடுக்கணும்’ என்பது இதைத்தான். சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றி, பிஸ்டன்களுக்கு நடுவே அதற்கான கட்டையை வைத்து, லீவரைக் கிடைமட்டமாகத் திருப்பி, அதன் துளையில் புனலைப் பொருத்துவார்கள். காலிபர் முனையிலிருந்து ஊசிக்குழலால் எண்ணெயை மேல்நோக்கித் தள்ளினால் குமிழ்கள் புனலில் வந்து வெடிக்கும். குழாயைத் திருப்புளிப் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் ஒட்டியிருக்கும் குமிழும் கிளம்பிவிடும்.

பஞ்சர் ஒட்ட வண்டியைத் தலைகீழாக நிறுத்துவது நம் ஊர் வழக்கம். இந்த பிரேக் உள்ள வண்டியை அப்படி நிறுத்தியிருக்கையில் லீவரை அழுத்தினால், லீவரின் எண்ணெய்க் கிண்ணத்தில் தங்கியிருக்கும் காற்று குழாய்க்குள் புகுந்துவிடும். சக்கரத்தைக் கழற்றிய நிலையில் அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் சக்கரத்தைக் கழற்றி ரயிலில் வண்டியை ஏற்றும்போது பேடுகளுக்கு இடையே மடித்த அட்டையைச் செருகிவிடுங்கள்.

பேடின் பூச்சு அரை மில்லிமீட்டராகக் குறைந்தாலும், ஷிமானோ தட்டு 1.5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தாலும் மாற்றிவிட வேண்டும். மொகிலியிலோ பாகராப்பேட்டையிலோ இறங்குமுன் இரு லீவர்களையும் அழுத்திப் பாருங்கள். அவற்றில் ஒன்று கைப்பிடியைத் தொட்டாலும் அன்று மிதித்து இறங்க வேண்டாம். வண்டியை ஏதாவது ஒரு வாகனத்தில் ஏற்றிக் கீழே கொண்டுவாருங்கள்.