வன்னி வானமும் விமானப் பிரயாணியும்

விமானச் சீட்டு வாங்கப் புகுவோர் கட்டணத்தையும் நேரத்தையும் மாத்திரமன்றி, தாம் ஏறப்போகும் விமானம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதையும் விசாரிக்கும் வழக்கம் அண்மைக் காலத்திலே பரவி வந்துள்ளது. 2018 ஒக்டோபர் 29ஆந் திகதி இந்தோனேசியக் கடலிலும், 2019 மார்ச் 10ஆந் திகதி எத்தியோப்பியாவிலும் போயிங் 737 மக்ஸ் வகையைச் சேர்ந்த இரு புதிய விமானங்கள் வீழ்ந்து 346 பேர் மாண்டனர். விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழ்நோக்கி அமுக்கும் ஓர் ஏற்பாடு அவ்வகையிலே புகுத்தப்பட்டிருந்ததும், ஒரேயோர் உணர்கருவி பழுதடைந்தால் அந்த ஏற்பாடு மாறாட்டமாக இயங்கிவிடக்கூடியதாயிருந்ததும், விமானிகளுக்கு அதுபற்றித் தக்க விளக்கம் அளிக்கப்படாததும் பின்னரே வெளியாயின. புதிய பயிற்சி தேவைப்படாத விமானம் என்றால்தான் கம்பனிகள் விரும்பி வாங்கும் என்ற வியாபாரக் கணக்கு இதன் பின்னால் இருந்தது. முதலிற் சீனாவும் பின்னர் ஏனைய நாடுகளும் அவ்வகையைத் தரையில் நிறுத்தின. இருபது மாதங்களின் பின்னரே அமெரிக்கா அதனை மீண்டும் பறக்க அனுமதித்தது. ஐயமுள்ள வகையைத் தவிர்த்துப் பிரயாணத்தைத் தெரிந்துகொள்ளும் வசதியைச் சீட்டு விற்போரே அக்காலத்தில் ஏற்படுத்திக் கொடுத்தனர்.

பிரயாணிக்கு இவ்வாறு கேட்கவும் மறுக்கவும் உள்ள உரிமையை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும் ஒரு விமானத்தை மறுப்பவனுக்கு வேறொரு விமானமோ, புகைவண்டியோ, தெருவோ இருத்தல் வேண்டும். அவை ஒன்றுமே இல்லாதவன் எதனை மறுப்பான்? வன்னிப் பெருநிலத்தையும் அதன் மேற்குக் கடலையும் தழுவி நிற்கும் வானத்தின் வரலாற்றை எடுத்து நோக்குமிடத்து இக்கேள்வி நம் முன்னே எழுகின்றது.

விமான வகையொன்றின் மீது உலகம் பெரும் ஐயங்கொண்ட நிகழ்ச்சிகளுள் ஒன்று கொமெட் விமானத்தைப் பற்றியது. பிரித்தானியரின் பெருமைக்குரியதாயிருந்த இந்த ஜெட் விமானம் 1952 மே மாதத்திலே சேவையில் ஈடுபட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலண்டனிலிருந்து கொழும்புக்கும் வரத்தொடங்கிற்று. 1953 மே 2ஆந் திகதி கல்கத்தாவுக்கு அருகே ஒன்று சிதறி 43 பேர் இறந்தனர். புயலே காரணம் என்றனர். 1954 சனவரி 10ஆந் திகதி இத்தாலியின் எல்பாத் தீவினருகே மற்றொன்று கடலில் வீழ்ந்தது. 35 பேர் இறந்தனர். சேவையை நிறுத்திச் சில திருத்தங்களைச் செய்தபின் மார்ச்சு மாதத்தில் மீண்டும் பறக்கவிட்டனர். ஏப்பிரல் 8ஆந் திகதி நேப்பிள்சுக்கு அப்பால் மூன்றாவது விமானமும் வீழ்ந்து 21 பேர் மாண்டனர். அதன் பின்னரே பறப்பதற்கான அத்தாட்சி பறிக்கப்பட்டது.

அடுத்து நிகழ்ந்ததே நமது கவனத்துக்குரியது. பிரித்தானியக் கடற்படை எல்பாத் தீவினருகே நூறு மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் கிடந்த சிதைவுகளைத் தேடி, பெரும்பகுதியைச் சில மாதங்களுக்குள் மேலே கொணர்ந்தது. பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் அத்துண்டுகளை ஒரு மரச்சட்டத்தின் மீது பொருத்தி விமானத்தின் உருவை மீளமைத்தனர். வேறொரு கொமெட் விமானத்தின் உடற்பகுதியைப் பெருந் தண்ணீர்த் தொட்டியினுள் அமிழ்த்தி, மேலெழுவதும் இறங்குவதுமான அமுக்க மாற்றத்தை மீண்டும் மீண்டும் ஏற்படுத்தினர். ஏறத்தாழ 3,000 பறப்புகளுக்குச் சமமான பயன்பாட்டின் பின் அவ்வுடல் பிளந்தது. உலோகம் களைத்துப்போய்த் துவாரங்களின் மூலையிலிருந்து வெடித்துச் செல்கின்றது என்ற உண்மை அப்பொழுதுதான் நிலைநாட்டப்பெற்றது. பகிரங்க விசாரணை நடைபெற்று, முடிவுகள் போட்டியாளரும் அறியுமாறு வெளியிடப்பட்டன. இன்றைய விமானங்களின் சன்னல்கள் மூலை மழுங்கி வளைந்திருப்பதிலே அந்த ஆராய்ச்சியின் பயனும் உண்டு. பேரரசின் கௌரவமும் விமானத் தொழிலின் எதிர்காலமும் அச்சிதைவுகளிலே தங்கியிருந்தமையாற்றான் இத்தனை முயற்சியும் என்பதை வாசகர் மனங்கொள்வாராக.

இனி நமது வானத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தாருக்கு விமானம் புதியதொன்றன்று. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோனின் முதற் பறப்பே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்ற டக்கோட்டா விமானந்தான். 1964இல் அவ்ரோ 748 என்ற விமானம் வாங்கப்பட்டது. சிறிய ஓடுபாதைகளுக்கென்றே ஆக்கப்பட்ட, இரட்டை இயந்திரங் கொண்ட, நம்பத்தகுந்த விமானம் அது. 1978 செப்டெம்பர் 7ஆந் திகதி, ஜே. ஆர். ஜயவர்தனாவின் புதிய அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்த அதே நாளில், பலாலியிலிருந்து வந்திறங்கி இரத்மலானையில் நின்ற அவ்ரோவினுள்ளே குண்டு வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை, விமானம் அழிந்தது. விமானப் பிரயாணியின் பாதுகாப்பு என்பது இயந்திரவியல் சம்பந்தமான விடயமாக மாத்திரம் இருந்த காலம் நமது நாட்டில் அன்றோடு முடிந்ததெனலாம்.

யுத்தம் மூண்டபின் அவ்ரோ விமானம் வேறு உருக் கொண்டது. விமானப்படையிலிருந்த அவ்ரோக்கள் துருப்புகளைக் காவின. 1990இன் பின், கதவைத் திறந்து கையாற் குண்டுகளைத் தள்ளிவிடும் வேலைக்கும் அவ்ரோவும் சீன வை-12 விமானமும் பயன்படுத்தப்பட்டன. பிரயாணிகளை ஏற்றவென ஆக்கப்பட்ட விமானம் கீழேயிருந்த குடிமக்கள் மீது குண்டு சொரிந்தது. வடபகுதி மக்கள் அவ்ரோவுக்கும் அதையொத்த பெரிய சரக்கு விமானங்களுக்கும் ‘சகடை’ என்று பெயரிட்டனர். மெதுவாக உருண்டு செல்லும் வண்டியின் பெயர் அது. கிபிர் வந்தபோது அதற்குப் பெயர் வைக்கவும் அவகாசம் இருக்கவில்லை. இஸ்ரவேலர் இட்ட பெயரே வன்னிக் குழந்தைகளின் வாயில் நிலைத்தது. ஆளில்லா வேவு விமானம் ‘வண்டு’ ஆயிற்று. வண்டு சுற்றினால் பின்னால் ஏதோ வரப்போகின்றது என்று கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. சகடை என்றால் பார்த்து ஓடலாம். கிபிர் என்றால் நின்ற இடத்திலேயே விழுந்து படுக்க வேண்டும். விமானத்தின் வகையறிதல் மேலைநாட்டுப் பிரயாணிக்குச் சீட்டு வாங்கும்போது வேண்டிய அறிவு. வன்னி மக்களோ எந்த விமானத்திலும் ஏறாமலேயே, ‘எல்’ வடிவப் பதுங்குகுழியின் வாயிலில் நின்று அதனைக் கற்றனர்.

1995 ஏப்பிரல் 28, 29ஆந் திகதிகளில் பலாலிக்கு அருகே அடுத்தடுத்து இரு அவ்ரோ விமானங்கள் தமிழீழ விடுதலைப் புலிகளின் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டன. ஏறத்தாழ நூறு பேர் இறந்தனர். அவ்வாண்டு நவம்பரில் சீன வை-8 விமானமொன்றும் அன்ரனோவ் 32 ஒன்றும் அதே திசையில் வீழ்ந்தன. தோளிற் சுமந்து ஏவும் ஏவுகணை இயந்திரத்தின் வெப்பத்தைத் தேடிச் செல்வது. சில ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு மேல் அதற்கு வலுவில்லை. எனவே மெதுவாக உயரமேறும் சுழல்விசிறி விமானம் அவ்வெல்லைக்குள் நெடுநேரம் நிற்கின்றது. இந்த அளவில் விமானத்தின் வகையும் முக்கியமானதே. படை விமானங்களுக்கு ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறிகளைப் பொருத்தலாம். குடிமக்கள் ஏறும் விமானத்துக்கோ அத்தகைய ஏற்பாடு இல்லை.

ஆயின், குடிமக்கள் ஏன் ஏறினர்? 1995 இறுதியில் யாழ்ப்பாண நகர் இராணுவத்தின் கைக்கு வந்தது. வன்னியோ புலிகளிடம் இருந்தது. யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 பெருந்தெரு வவுனியாவுக்கு வடக்கே, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என அதன் முழு நீளத்திலும் போர்க்களமாயிற்று. புகைவண்டி 1990இலேயே நின்றுவிட்டது. தெருவைத் திறப்பதற்கென 1997 மே மாதத்தில் அரசாங்கம் தொடங்கிய ‘ஜெயசிக்குறு’ இராணுவ நடவடிக்கை, ஒன்றரை ஆண்டுக்கு மேலாக வன்னிக் காடுகளிலே இழுபட்டது. தெருவைத் திறப்பதன் பெயரால் ஊர்கள் பெயர்ந்தன. ஆயிரக்கணக்கான இளைஞர் இரு தரப்பிலும் மடிந்தனர். தெரு திறக்கவில்லை. கொழும்பில் வைத்தியம் பார்க்க வேண்டியவனுக்கும், வெளிநாடு செல்லும் மகனை வழியனுப்ப வேண்டிய தாய்க்கும் இராணுவ அனுமதிப் பத்திரமும், திருகோணமலைக் கப்பலும், அல்லது பலாலி விமானமுமே எஞ்சின.

இந்நிலையிலேதான் லயன் எயர் என்ற தனியார் கம்பனி அன்ரனோவ் 24 விமானத்தைப் பறக்கவிட்டது. அந்த விமானத்தின் கதையையும் சிறிது சொல்ல வேண்டும். 1959இல் முதன்முதற் பறந்த அது, சோவியத் நாட்டின் தொலைதூரச் சிற்றூர்களைச் செம்மையற்ற ஓடுபாதைகளினூடாக இணைக்கவென ஆக்கப்பட்டது. பொதுமக்கள் சேவையே அதன் பிறவிப் பயன். 1991இல் அந்நாடு குலைந்தபோது பெரும் விமான ஸ்தாபனம் துண்டு துண்டாயிற்று. விமானமும் விமானியும் ஒருசேர வாடகைப் பொருளாகி, யுத்தம் நடக்கும் நாடுகளுக்கெல்லாம் மலிவாகப் போயினர். யாழ்ப்பாணப் பாதையிற் பறந்ததும் பெலாரஸ் நாட்டுக் கோமெல் நகரக் கம்பனியொன்றின் விமானமே. ஆபத்தான பாதைக்குப் பிறர் தமது விலையுயர்ந்த விமானங்களை அனுப்பமாட்டார். முதலாளித்துவச் சந்தையில் ஆபத்துக்கும் ஒரு விலையுண்டு; அந்த விலைக்கு அகப்படுவது பழைய விமானமும் வேலை தேடும் அந்நிய விமானியுந்தான்.

இராணுவத்தினரை ஏற்றுவதாகக் குற்றஞ்சாட்டிப் புலிகள் அக்கம்பனிக்கு எச்சரிக்கை விடுத்திருந்தனர் என அக்காலச் செய்திகள் தெரிவித்தன. எச்சரிக்கை கம்பனிக்கு வந்தது. பிரயாணிக்கு என்ன வந்தது? பாதையை நடத்த அனுமதித்தது அரசாங்கம். ஏவுகணையைக் குறிவைத்தது இயக்கம். கட்டணத்தை வாங்கியது கம்பனி. மூவரும் தத்தம் கணக்கிலே பிரயாணியை ஓர் எண்ணாகச் சேர்த்துக்கொண்டனர். விடுதலையின் பெயரால் ஆயுதமேந்தியோர், தாம் யார் சார்பிற் பேசுவதாகக் கூறினரோ அதே மக்களை ஏற்றிய விமானத்தை இலக்காக்கியதை எந்தத் தத்துவத்தாலும் நியாயப்படுத்துதல் இயலாது. தெருவை அடைத்து வைத்து வானத்தை வியாபாரத்துக்கு விட்ட அரசாங்கத்தின் பொறுப்பும் இதனாற் குறைந்துவிடாது.

1998 செப்டெம்பர் 29ஆந் திகதி பிற்பகல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அன்ரனோவ் விமானம் சில நிமிடங்களிலே தொடர்பற்றுப் போயிற்று. ஏவுகணைத் தாக்குதலே காரணம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிபு. 48 பிரயாணிகள், 7 பணியாளர், ஆக 55 பேர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். அதே நாளிற்றான் கிளிநொச்சி நகருக்காக மூன்று நாட்களாக நடந்த கொடிய சமர் முடிவுற்று, நகர் புலிகளின் வசமாயிற்று. மறுநாள் மாங்குளம் இராணுவத்தின் வசமாயிற்று. நூற்றுக்கணக்கில் பிணங்கள் குவிந்த அந்த வாரத்திலே, கடலில் மறைந்த 55 பேருக்குப் பத்திரிகைகளிற் கிடைத்த இடமும் குறுகியதே.

குடிமக்களுக்கான விமான சேவை இடைநிறுத்தப்பட்டது. மக்கள் மீண்டும் கப்பலுக்குக் காத்திருந்தனர். 2002 பெப்ரவரி 22ஆந் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்பிரலில் ஏ-9 திறக்கப்பட்ட பின்னரே ஏழை மனிதன் பத்து மணித்தியாலமோ பதினைந்து மணித்தியாலமோ பேருந்தில் இருந்தாவது கொழும்பைக் காண முடிந்தது. 2006 ஓகஸ்டில் அதுவும் அடைபட்டது.

விமானக் கம்பனிகளுக்கே ஆபத்து நேர்ந்தபோது நடந்தது வேறு. 2001 சூலை 24ஆந் திகதி கட்டுநாயக்கா தாக்கப்பட்டுப் பெருவிமானங்கள் எரிந்தன. இலண்டன் காப்புறுதிச் சந்தை யுத்த அபாயக் கட்டணத்தை உடனே உயர்த்தியது. நாட்டின் பொருளாதாரம் சுதந்திரத்தின் பின் முதன்முறையாக அவ்வாண்டு சுருங்கிற்று. சமாதானப் பேச்சுக்கு வழிவகுத்த காரணங்களில் இதுவும் ஒன்று. 2007 மார்ச் 26ஆந் திகதி வன்னியிலிருந்து எழுந்த சிறு செக் நாட்டு விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தின் மீது குண்டு வீசின. பயிற்சிக்கும் உல்லாசப் பறப்புக்குமென ஆக்கப்பட்ட, நான்கு பேர் அமரும் விமானம் அது! சர்வதேசக் கம்பனிகள் சில தம் பறப்புகளை நிறுத்தின. ஏனையவை நேரத்தை மாற்றின. மே 10ஆந் திகதி முதல் இரவு 10.30 தொடங்கி அதிகாலை 4.30 வரை விமான நிலையமே மூடப்பட்டது. காப்புறுதிக்காரனின் பேரேட்டிலே ஏறிய ஆபத்துக்கு அரசுகள் உடனே செவிசாய்த்தன. பலாலிப் பிரயாணியின் ஆபத்து எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

அந்த அன்ரனோவ் எங்கே கிடந்தது? கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரிவைச் சேர்ந்த இரணைதீவுக்கு அப்பால். எல்பாக் கடலோடு ஒப்பிடின் அது முழங்காலளவு எனத்தக்க ஆழங்குறைந்த கடல். இரணைதீவு மீனவர் 1992இலேயே தம் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டு, முழங்காவிற் பக்கத்திலே குடியேறியிருந்தனர். யுத்தம் 2009இல் முடிந்தது. 2012 ஒக்டோபரிலே கடற்படையின் சுழியோடிகள் சிதைவுகளைக் கண்டனர். எல்பாவிற் சில மாதங்கள் எடுத்த வேலைக்கு இங்கே பதினான்கு ஆண்டுகள் சென்றன. 2013இல் மனித எச்சங்கள் மீட்கப்பட்டன. மீனவ மக்கள் தம் தீவுக்குத் தாமாகவே படகேறித் திரும்பியது 2018 ஏப்பிரலில்.

பார்ன்பரோவில் உலோகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தனர். இங்கு மீட்கப்பட்டவற்றுள் ஆடைகளும் உடைமைகளும் இருந்தன. 2014இல் அவை யாழ்ப்பாணத்திலே பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. கடல்நீரில் ஊறி நிறம் மாறிய சேலையும் சட்டையும் தம் வீட்டாருடையனவா என உறவினர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றனர்.