கல்யாண கேசட்டும் கேம் கார்டும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கைச் சொல்லலாம். ஆனா உண்மையான காரணம் ஒரு வி.எச்.எஸ். கேசட்.

அப்பா அம்மா கல்யாணம் 1994-ல் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அந்த மூணு மணி நேர கேசட் எங்க கரையான்சாவடி வீட்டுப் பரண்ல, பழைய குத்துவிளக்குக்குப் பக்கத்துல கிடந்தது. அதுல ஒரு நாற்பது விநாடி மட்டும் அம்மாவைப் பெத்த பாட்டி வர்றாங்க. தாம்பாளத்தோட நடந்து வந்து, கேமரா லைட்டைப் பார்த்து கண்ணைச் சுருக்கிட்டு, வெட்கப்பட்டு ஒதுங்கிடுவாங்க. நான் பொறக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அவங்க போயாச்சு. பாட்டி அசையற படம்னா எங்க வீட்டுல அந்த நாற்பது விநாடிதான்.

கேசட்டை டிஜிட்டலா மாத்தி வாங்கிட்டேன். ஆனா திரை முழுக்க எறும்பு ஊர்ற மாதிரி புள்ளி புள்ளியா இரைச்சல். "நீதான் பொட்டி தட்டுறவனாச்சே, இதைச் சுத்தம் பண்ணித் தாயேன்"னு அம்மா சொல்லிட்டாங்க. அங்கே ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை.

முதல்ல கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, அஞ்சாம் வகுப்புப் பெருக்கல்தான் :-)

நம்ம ஊர் பால் முறை வீடியோவை டிஜிட்டலாக்கினால் ஒரு சட்டத்துக்கு 720 × 576 புள்ளி. விநாடிக்கு 25 சட்டம். ஆக விநாடிக்கு 1 கோடியே 3 லட்சம் புள்ளிகளுக்கு மேல். இரைச்சலை நீக்க 2005-ல் புவாதேஸ், கொல், மோரெல் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 'நான்-லோக்கல் மீன்ஸ்' என்று ஒரு வழி சொன்னார்கள். ஒரு புள்ளியைச் சுத்தம் செய்ய அதை ஒட்டியிருக்கும் புள்ளிகளை மட்டும் பார்க்காதே. சுற்றுவட்டாரத்தில் அதே ஜாடையில் இருக்கும் இடங்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் சராசரியை எடு. பட்டுச்சேலைக் கரையில் ஒரே பூ திரும்பத் திரும்ப வருமில்லையா? ஒரு பூவில் அழுக்கு இருந்தால் மற்ற பூக்களைப் பார்த்து அது எப்படி இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கலாம். அதே யோசனைதான்.

யோசனை அழகு, விலைதான் அதிகம். அவர்கள் கட்டுரையில் சொன்ன அளவுப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் 21 × 21 இடங்களில் தேட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 7 × 7 கட்டத்தை ஒப்பிட வேண்டும். பெருக்கினால் ஒரு புள்ளிக்கு 21,609 ஒப்பீடு. ஒரு விநாடி வீடியோவுக்குச் சுமார் 22,400 கோடி! 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவில் ஒரு கோர், துடிப்புக்கு ஒரு ஒப்பீடு செய்யும் என்று வைத்துக்கொண்டால் ஒரு விநாடி வீடியோவுக்கு 75 விநாடி ஆகும். மூணு மணி நேரக் கேசட்டுக்கு ஒன்பது நாள் சொச்சம். நடுவுல கரண்ட் போனா கதை கந்தல்.

இங்கேதான் கிராபிக்ஸ் கார்டு வருகிறது. இந்த 22,400 கோடியில் எந்தப் புள்ளியின் விடையும் இன்னொரு புள்ளியின் விடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய சமையல்காரர் ஆயிரம் தேங்காய் உடைப்பதைவிட நூறு பேர் ஆளுக்குப் பத்து உடைப்பது சீக்கிரம் முடியுமில்லையா, அந்த மாதிரி.

ஆனா அந்த நூறு பேரை வேலைக்கு எடுத்தது வேற எதுக்கோ. 1999-ல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256-ஐ 'ஜிபியு' என்ற பெயரோடு விற்றபோது நோக்கம் கேம் மட்டும்தான். 2001-ல் வந்த ஜீஃபோர்ஸ் 3-ல் 'ஷேடர்' என்ற குட்டி நிரல்களை நாமே எழுதிப் போட முடிந்தது. 2002-ல் ஏடிஐ ரேடியான் 9700 தசமக் கணக்கும் போட ஆரம்பித்தது. கை துறுதுறுன்னு இருக்கிறவங்க சும்மா இருப்பாங்களா? கேமுக்கான கார்டை வேறு கணக்குகளுக்குப் பயன்படுத்தும் இந்த வேலைக்கு மார்க் ஹாரிஸ் 2002-ல் 'ஜிபிஜிபியு' என்று பெயரே வைத்துவிட்டார்.

அன்றைக்கு அது கிட்டத்தட்ட மாறுவேடப் போட்டி. கார்டுக்குத் தெரிந்தது முக்கோணமும், அதன் மேல் ஒட்டும் 'டெக்ஸ்ச்சர்' படமும்தான். அதனால் வீடியோ சட்டத்தை டெக்ஸ்ச்சர் என்று பொய் சொல்லி உள்ளே அனுப்புவார்கள். ஃபில்டரை ஷேடர் என்று பொய் சொல்வார்கள். திரை அளவுக்கு ஒரு செவ்வகத்தை வரையச் சொல்வார்கள். கார்டு ஏதோ கேம் ஓடுது போலன்னு வரைந்து தரும். வரைந்த படம்தான் சுத்தமான சட்டம். ஏவிசின்த் என்ற இலவச வீடியோ கருவிக்கு எஃப்.எஃப்.டி.3டி.ஜி.பி.யு. என்ற இரைச்சல் நீக்கி இப்படித்தான் டைரக்ட்எக்ஸ் 9 ஷேடர்களை வைத்து எழுதப்பட்டது. எழுதினவர் சம்பளத்துக்கு எழுதலை, ஆர்வத்துக்கு எழுதினார். நம்ம ஜாதி!

ஆனால் ஒரு சிக்கல். அப்போது கார்டுகள் ஏஜிபி என்ற பாதையில் செருகப்பட்டன. போகும் வழியில் விநாடிக்கு 2 கிகாபைட் வரை பறக்கும். திரும்பும் வழியில் அதில் சிறு பங்குதான். கேமில் படம் கார்டிலிருந்து நேராக மானிட்டருக்குப் போய்விடும். திரும்பி வருவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வீடியோ ஃபில்டருக்கோ சட்டம் திரும்பி வந்தால்தானே ஃபைலில் எழுத முடியும்! கரையான்சாவடிக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலையில போரூர் பக்கம் போறது ஒரு கணக்கு, சாயந்தரம் குமணன்சாவடி தாண்டி வீடு வந்து சேர்றது வேறொரு கணக்கு. 2004-ல் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் போகவும் வரவும் 4 கிகாபைட் அகலத்தில் சம பாதை போட்டுக் கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

மாறுவேடமும் சீக்கிரம் முடிந்தது. ஸ்டான்ஃபோர்டில் இயன் பக்கும் நண்பர்களும் 2004-ல் 'ப்ரூக்' மொழியை வெளியிட்டார்கள். அவர் என்விடியாவில் சேர்ந்தார். 2006 நவம்பரில் ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் கார்டோடு 'கூடா' அறிவிப்பு வந்தது. 128 கணக்குப்பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் 1.35 கிகாஹெர்ட்ஸ். இனி முக்கோணம் வரைகிற மாதிரி நடிக்க வேண்டாம். சி மொழி மாதிரி எழுதினால் போதும்.

நம்ம நாட்டில் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்ட இடங்களில் ஒன்று ஹைதராபாத் ஐஐஐடி. பேராசிரியர் பி. ஜே. நாராயணனும் மாணவர் பவன் ஹரீஷும் 2007-லேயே, அதே 8800 ஜிடிஎக்ஸ் கார்டை வைத்து, ஒரு கோடி முனைகள் கொண்ட வலையில் குறுக்கு வழிகளை ஒன்றரை விநாடியில் கண்டுபிடித்துக் காட்டினார்கள். கார்டின் விலை 600 டாலர். அடுத்த வருஷம் விபவ் வினீத்தும் அவரும் சேர்ந்து படத்தில் முன்னணியையும் பின்னணியையும் வெட்டிப் பிரிக்கும் வேலையை அதே கார்டில் ஏற்றினார்கள்: 640 × 480 படங்களில் விநாடிக்கு 150-க்கும் மேல். சூப்பர் கம்ப்யூட்டர் வாங்க வரிசையில் நிற்காமல், கேம் கடையில் கிடைக்கும் சாமானை வைத்து ஆராய்ச்சி பண்ணலாம் என்று காட்டியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அந்தக் காலத்தில் 'நூறு மடங்கு வேகம்' என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். 2010-ல் இன்டெல் ஆட்கள் 14 வேலைகளை எடுத்து, சிபியு நிரலையும் ஒழுங்காகத் தீட்டி ஓட்டிப் பார்த்தால் சராசரி வித்தியாசம் இரண்டரை மடங்குதான் என்று கட்டுரை எழுதினார்கள். இன்டெல் சிபியு விற்பவர்கள், அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒதுக்கலாம். ஆனால் அதில் நியாயம் உண்டு. இன்றைய சிபியுவுக்குப் பல கோர். ஒவ்வொன்றும் ஒரே துடிப்பில் பல எண்களைக் கையாளும். என்னோட 75 விநாடிக் கணக்கும் சிபியுவுக்குக் கொஞ்சம் அநியாயம்தான், ஒத்துக்கறேன்.

இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன். முதல் ஆர்வத்துல, ஒற்றை வரி இரட்டை வரிகளைச் சேர்க்கிறது, படத்தைப் பெரிசாக்கிறதுன்னு சின்ன வேலைகளை எல்லாம் எஃப்எஃப்எம்பெக்கில் கார்டுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு வேலைக்கும் சட்டம் ஏறி இறங்கி ஏறி இறங்கி... சிபியுவை விட மெதுவா ஓடுச்சு! பக்கத்துக் கடையில கொத்தமல்லி வாங்க கோயம்பேடு போன கதை. அப்புறம் சின்ன வேலைகளை சிபியுவிடமே விட்டுட்டு, இரைச்சல் நீக்கும் அந்த 22,400 கோடியை மட்டும் ஒரே பயணமா கார்டுக்கு அனுப்பினேன். ராத்திரி போட்டது காலையில முடிஞ்சிருந்தது.

பெருமையா அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எறும்பு ஒண்ணுகூட இல்லை. அம்மா உத்துப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "எங்கம்மாவுக்குத் தாடையில ஒரு மச்சம் இருக்குமேடா. இது யாரு?"

மச்சத்தையும் இரைச்சல்னு நினைச்சு ஃபில்டர் முழுங்கிடுச்சு. பாட்டி மெழுகு பொம்மை மாதிரி இருந்தாங்க. அதுக்கு பாட்டியைத் தெரியாதே, பாவம்.

நாற்பது விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, அளவைக் கூட்டிக் குறைச்சு மறுபடி மறுபடி ஓட்டினேன். மேலே போட்ட கணக்குப்படி சிபியுவில் ஒரு தடவைக்கு 50 நிமிஷம். அந்த 2006 கார்டே காகிதக் கணக்கில் 52 விநாடியில் முடிக்கும். 50 நிமிஷம்னா அம்மா எழுந்து சமைக்கப் போயிருப்பாங்க. நான் ரெண்டு தடவை பார்த்துட்டு "இதுவே போதும்"னு விட்டிருப்பேன். சில விநாடிதான்ங்கறதால நாற்காலியை இழுத்துப் போட்டு பக்கத்துலயே உட்கார்ந்துட்டாங்க. "இது வேணாம், கண்ணு சரியில்ல." "இதுல சேலைக் கரை போயிடுச்சு." எத்தனை தடவைன்னு எண்ணலை. கடைசியா கொஞ்சம் இரைச்சல் மிச்சம் இருக்கிற ஒண்ணை எடுத்தோம். அதுல மச்சம் இருந்தது.

வேகம்னா சீக்கிரம் முடிக்கத்தான்னு இத்தனை நாள் நினைச்சிருந்தேன். தப்புப் பண்ணிட்டு மறுபடி முயற்சி பண்ண அலுக்காம இருக்கிறதுக்கும் அது வேணும். பாட்டியை எனக்கும் தெரியாது, கார்டுக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க ஒருத்தர் பக்கத்துல உட்கார நேரம் கிடைச்சது, அவ்வளவுதான்.

பி.கு: கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016-லேயே நிறுத்தியாச்சு. நம்ம ஊர் ஈரக் காற்றில் கேசட் பூசணம் பிடிக்கும். இந்த ஞாயித்துக்கிழமை பரணை ஒரு தடவை பார்த்துடுங்க. என்ன கிடைச்சதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.