விடிய விடிய நடந்த கதை, வானொலி நேரத்துக்குள்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. சென்னை நிலையம் அதற்குப் பதினொரு மாதம் மூத்தது. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்குக்கு வந்த வானொலி நிலையங்கள் ஆறே. அவற்றில் இரண்டு இவை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கத்துப் பாடகருக்கும் நாயனக்காரருக்கும் கதை சொல்லும் பாகவதருக்கும் கைக்கெட்டிய நிலையம் திருச்சிதான்.

வானொலி வருவதற்கு முன்பே காவிரிப் படுகை பாட்டிலும் புராணக் கதையிலும் ஊறியிருந்தது. மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி இரவெல்லாம் பாகவத மேளா நடக்கும். திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் தனிக் கீர்த்தனைகளோடு நின்றுவிடவில்லை. பிரகலாதன் கதையையும், கண்ணனும் கோபியரும் யமுனையில் ஓடம் விட்ட கதையையும் இசை நாடகங்களாக ஆக்கினார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பகுதியில்தான் பிறந்தது. கோயிலில் தேவாரம், பஜனை மடத்தில் மராட்டிய அபங்கம், கச்சேரியில் தெலுங்குக் கீர்த்தனை, இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் ஐரோப்பிய பாண்டு வாத்தியம் என்று பல தேசத்து இசையும் கலந்து புழங்கிய ஊர் தஞ்சாவூர்.

கதாகாலட்சேபம் அந்தக் கலப்பில் உருவானது. 1860களில் மராட்டியக் கீர்த்தனக்காரர் ராமச்சந்திர மோர்காம்கர் பாவா தஞ்சாவூருக்கு வந்து கதை நடத்தினார். அந்த முறையைக் கர்நாடக சங்கீதத்தோடு இணைத்து, தமிழ் கேட்போருக்கு ஏற்றபடி வார்த்தெடுத்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். பாகவதர் நின்றபடி கதை சொல்வார். கையில் சிப்ளாக்கட்டை, காலில் சலங்கை, பின்னால் பின்பாட்டுக்காரர், பக்கத்தில் மிருதங்கமும் ஹார்மோனியமும். சாகி, திண்டி, ஓவி போன்ற மராட்டிய மெட்டுகளுக்கு நடுவே தமிழ்ப் பாட்டும் வடமொழிச் சுலோகமும் வரும். கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு உபகதை கிளைக்கும். அதிலிருந்து இன்னொன்று முளைக்கும். சபையின் முகம் பார்த்து நீட்டுவதும் சுருக்குவதும் பாகவதரின் சாமர்த்தியம். மங்களம் பாடி முடிக்க நான்கைந்து மணி நேரம் ஆவது சாதாரணம். ஆண்களே ஆண்ட இந்த மேடையில், எதிர்ப்புகளைத் தாண்டிப் புகழ்பெற்ற முதல் பெண் சி. சரஸ்வதி பாய்.

வானொலி இந்தக் கலையைக் கடிகாரத்தின் முன் நிறுத்தியது. நிகழ்ச்சி தொடங்கும் நிமிடமும் முடியும் நிமிடமும் முன்கூட்டியே அச்சாகிவிடும். ஒலிநாடா வழக்கத்துக்கு வரும்வரை ஏறக்குறைய எல்லாமே நேரடி ஒலிபரப்பு. பிசகினால் திருத்த வழியில்லை. முதலில் வெட்டுப்பட்டவை உபகதைகள். அபிநயமும் சலங்கைக் காலும் கேட்பவருக்குப் போய்ச் சேராது. மூடிய ஸ்டுடியோவில் முகம் பார்க்கச் சபையும் இல்லை. அனுபவப்பட்ட பாகவதருக்கு இது பெரிய இழப்பு. ஆனாலும் குரலின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே ஒரு பாத்திரத்தை எழுப்பும் திறமைக்கு மைக் முன்னால் புதிய மதிப்பு கிடைத்தது.

இன்னொரு வெட்டு டெல்லியிலிருந்து வந்தது. சுரத்தை அசைத்து வளைக்கும் கமகத்துக்கு இடம் தராத கருவி என்று ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் விலக்கியது. கச்சேரிப் பாடகருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஹார்மோனியத்தையே ஆதாரமாகக் கொண்டு பழகிய காலட்சேபக் குழுக்களுக்கு அது கடினமான விதி, நியாயமற்ற விதியும்கூட. தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேட்போர் பக்கம் ஆதாயம் மிகுதி. திண்ணையில் இடம் கிடைக்காதவரும், அக்கிரகாரத்துப் பந்தலுக்குள் நுழைய முடியாதவரும், இரவில் வீட்டை விட்டு வர இயலாத பெண்களும் இனி கதை கேட்க முடிந்தது. ரேடியோ வாங்க வசதியில்லாத கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோவின் ஒலிபெருக்கி பொதுவாக ஒலித்தது. அந்தக் கருவியின் மேல் படுகை வைத்திருந்த நம்பிக்கைக்கு வயலிலேயே சான்று உண்டு: 1966 வாக்கில் திருச்சி நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகள் பரப்பிய ஆடுதுறை 27 நெல்லுக்கு உழவர்கள் வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’.

1952 முதல் பத்தாண்டு காலம் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை ஒதுக்கிச் சாஸ்திரிய இசைக்கு நேரத்தைக் கூட்டினார். பாட்டு ரசிகர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். அதை ஈடுகட்ட 1957இல் விவித பாரதி வந்தது. குரல் தேர்வும் தரவரிசையும் கலைஞர்களின் வாழ்க்கையில் நிலைபெற்றது இக்காலத்தில்தான். பல வாத்தியமும் குழுவும் வேண்டியிருந்த காலட்சேபம் மெல்ல அருகியது. ஒருவரே அமர்ந்து பேசிப் பாடும் உபந்யாசம் வானொலிக்கும் சபைக்கும் எளிதாகப் பொருந்தியது.

நேரத்துக்கு வெட்டப்படாமல் தப்பியது தியாகராஜர் நினைவாக நடக்கும் திருவையாற்று ஆராதனை. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுத் தியாகராஜர் சமாதியில் கோயில் எழுப்பினார். பிரிந்து கிடந்த ஆராதனைக் குழுக்கள் 1940இல் ஒன்றாயின. அதன்பின் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் வழக்கம் வந்தது. புஷ்ய பகுள பஞ்சமிக் காலையில் காவிரிக் கரையிலிருந்து நாட்டை முதல் ஸ்ரீராகம் வரை ஐந்து கீர்த்தனைகளையும் வானொலி முழுதாக அஞ்சல் செய்கிறது.