மிச்சப்படுத்திய மின்சாரத்துக்குக் கூலி: கலிஃபோர்னியாவின் கதை

வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பேட்டரியிலிருந்து சாயங்காலத்தில் ஊருக்கு மின்சாரம் கொடுத்தால் பணம் வரும் என்றால் நம்புவீர்களா? நான் வளர்ந்த கலிஃபோர்னியாவில் அது நடக்கிறது. இந்த இடத்துக்கு வர மாநிலத்துக்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன.

முதலில் ஓர் அடிப்படை. மின்கம்பியில் உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தால் சமையற்கட்டு திணறும். அந்த ஒரு பந்திக்காகப் பெரிய அண்டாக்கள் வாங்கலாம். இல்லையென்றால், சிலரை இரண்டாம் பந்திக்கு வரச் சொல்லலாம். புதிய மின் நிலையம் கட்டுவது முதல் வழி. தேவையைத் தள்ளிப்போடுவது இரண்டாவது வழி.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அடுத்த ஆண்டு, ஆளுநர் ரொனால்ட் ரேகன் வாரன்-அல்குவிஸ்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி கலிஃபோர்னியா எரிசக்தி ஆணையம் உருவானது. மின் நிலையங்களுக்கு அனுமதி தருவதோடு, தேவை எவ்வளவு என்று கணிப்பதும், குளிர்பதனப் பெட்டி போன்ற சாதனங்கள் வீணாக மின்சாரம் குடிக்காமல் தரம் நிர்ணயிப்பதும் அதன் வேலை.

2000-2001இல் பெரிய அடி விழுந்தது. மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்ட பிறகு, என்ரான் போன்ற நிறுவனங்களின் வணிகர்கள் தந்திரம் செய்து விலையை ஏற்றினார்கள். 2001 ஜனவரியில் பகுதி பகுதியாக மின்வெட்டு வந்தது. அப்போது ஆளுநர் கிரே டேவிஸ் ஒரு திட்டம் அறிவித்தார்: கோடையில் 20 சதவீதம் குறைத்துப் பயன்படுத்தினால் கட்டணத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. சேமிப்புக்குக் கூலி என்ற எண்ணம் சாதாரண வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

2020 ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் கடும் வெயிலில் மீண்டும் மின்வெட்டு. சூரியன் சாய்ந்ததும் சோலார் மின்சாரம் குறைந்தது. ஏசிகளோ ஓடிக்கொண்டே இருந்தன. 2022இல் சட்டமன்றம் ஏபி 205 என்ற சட்டத்தை நிறைவேற்றியது. அவசர நேரத்தில் பயன்பாட்டைக் குறைப்பவர்களுக்கும் பேட்டரி மின்சாரம் தருபவர்களுக்கும் பணம் கொடுக்கும் திட்டம் அதிலிருந்து பிறந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 6 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாலை 5:45க்குக் கைபேசிகள் அலறின: மின்சாரத்தைக் குறையுங்கள். அம்மா வாஷிங் மெஷினை நிறுத்தினார். அன்று தேவை 52,061 மெகாவாட் என்ற சாதனையைத் தொட்டிருந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு சிறிது நேரத்தில் சுமார் 2,000 மெகாவாட் குறைந்தது. டயாப்லோ கேன்யான் அணுமின் நிலையம் முழுவதும் தருவதற்கு ஏறக்குறைய சமம் அது! மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. சுவாசக் கருவியை நம்பி வீட்டில் இருப்பவருக்கு இது உயிர் விஷயம்.

ஒவ்வொரு முறையும் கைபேசியில் கெஞ்ச முடியுமா? அதனால்தான் மெய்நிகர் மின் நிலையம் வந்தது. ஆயிரக்கணக்கான வீட்டு பேட்டரிகளையும் தெர்மோஸ்டாட்டுகளையும் மென்பொருளால் இணைத்து, ஒரே மின் நிலையம் போல இயக்குவது அது. 2025 ஜூலை 29 மாலை ஏழு முதல் ஒன்பது மணி வரை ஒரு சோதனை நடந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான வீட்டு பேட்டரிகள் சேர்ந்து சராசரியாக 535 மெகாவாட் தந்தன.

ஆனாலும் கதை நேர்கோட்டில் போகவில்லை. இதை விரிவாக்கும் மூன்று மசோதாக்களை 2025 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் நிராகரித்தார். மற்ற மாநிலங்களோ முன்னே போகின்றன. கொலராடோவும் மேரிலாந்தும் 2024இல், வர்ஜீனியா 2025இல், இத்தகைய திட்டங்களை மின் நிறுவனங்கள் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் இயற்றின.

எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சொந்த வீடும் பேட்டரியும் உள்ளவர்களுக்குக் கூலி கிடைக்கிறது. அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கு? 2022இல் கைபேசி அலறியதும் விளக்கை அணைத்தவர்களில் அவர்களும் உண்டு. அடுத்து வரும் சட்டங்கள் அவர்களையும் கணக்கில் சேர்க்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் வாழும் ஊரில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறதா? தேடிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.